செஸ்ட்நட் இயற்கைப் பூங்கா: சக்கரத்துக்கு ஒரு தடம், காலுக்கு ஒரு தடம்

சிங்கப்பூரின் காட்டுத் தடங்களைப் பற்றிப் பேச்செடுத்தால், நடப்பவர்களும் மலைச் சைக்கிளோட்டிகளும் ஒருவர்மீது ஒருவர் குறை சொல்லாமல் அந்தப் பேச்சு ஓய்வதில்லை. சைக்கிள்கள் மண்ணைக் கிளறி வேர்களைச் சிதைக்கின்றன, வளைவுகளில் ஓசையில்லாமல் பாய்ந்து வந்து முதியவர்களையும் பிள்ளைகளையும் கதிகலங்க வைக்கின்றன என்பது ஒரு தரப்பின் முறையீடு. நடப்பவர்கள் பாதையை அடைத்துக்கொண்டு வருகிறார்கள், காதில் ஒலிக்கருவியைச் செருகிக்கொண்டு மணி அடித்தாலும் விலகுவதில்லை, சைக்கிளுக்கென்றே ஒதுக்கிய தடத்திலும் நுழைந்துவிடுகிறார்கள் என்பது மறுதரப்பின் முறையீடு. நான் இரண்டு வகையிலும் காட்டுக்குள் போகிறவன் என்பதால் இரண்டு முறையீடுகளிலும் உண்மை இருப்பதை அறிவேன். ஆனால் இந்தச் சச்சரவு மனிதர்களின் குணத்தைவிடத் தடத்தின் அமைப்பிலிருந்தே பெரும்பாலும் பிறக்கிறது என்பதை எனக்கு உணர்த்திய இடம், புக்கிட் பாஞ்சாங் வட்டாரத்தை ஒட்டியுள்ள செஸ்ட்நட் இயற்கைப் பூங்கா.

தேசியப் பூங்காக் கழகம் இதை இரண்டு கட்டங்களாகத் திறந்தது. 17 ஹெக்டர் பரப்புள்ள தெற்குப் பகுதி 2015 ஏப்ரலிலும், 64 ஹெக்டர் பரப்புள்ள வடக்குப் பகுதி 2016 பிப்ரவரியிலும் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டன. மொத்தம் 81 ஹெக்டர் கொண்ட இதுவே நாட்டின் மிகப் பெரிய இயற்கைப் பூங்கா. பரப்பளவைவிட முக்கியமான செய்தி, நடப்பதற்கும் மலைச் சைக்கிளுக்கும் தனித்தனித் தடங்களை அமைத்த முதல் இயற்கைப் பூங்காவும் இதுதான் என்பது. நடைத்தடம் 5.6 கிலோமீட்டர், சைக்கிள் தடம் 8.2 கிலோமீட்டர். இரண்டும் ஒரே காட்டுக்குள் வளைந்து நெளிந்து சென்றாலும் பெரும்பாலான தூரத்துக்கு ஒன்றின் கண்ணில் ஒன்று படுவதில்லை. நுழைவதற்குக் கட்டணம் கிடையாது.

சைக்கிளுக்குக் கூடுதல் தூரம் ஒதுக்கப்பட்டிருப்பதைப் பார்த்து, நடப்பவர்களுக்கு ஓரவஞ்சனை செய்துவிட்டார்கள் என்று வருத்தப்படுபவர்கள் உண்டு. அந்த வருத்தத்தை என்னால் ஏற்க முடியவில்லை. ஒரு மணி நேரத்தில் நடப்பவர் கடக்கும் தூரத்தைச் சைக்கிளோட்டி கால் மணி நேரத்தில் கடந்துவிடுவார். போதிய நீளம் இல்லாவிட்டால் அவர் அதே தடத்தைச் சுற்றிச் சுற்றி வந்து சலித்துப்போய், அனுமதியில்லாத பாதைகளைத் தேடிப் போவார். மேலும், மெக்ரிட்சி நீர்த்தேக்கத்தைச் சுற்றியுள்ள காட்டுப் பாதைகள் முழுவதும் நடப்பவர்களுக்கே உரியவை. சைக்கிளுக்கு அங்கே இடமில்லை. தீவு முழுவதையும் கணக்கில் எடுத்துக்கொண்டால், நடப்பவர்களுக்கு இருக்கும் காடு மிக அதிகம், சைக்கிளோட்டிகளுக்கு இருப்பது சொற்பம். செஸ்ட்நட்டில் அவர்களுக்குக் கொஞ்சம் தாராளமாகக் கொடுத்தது நியாயமான ஏற்பாடுதான்.

முதலில் நடைத்தடத்தைப் பற்றிச் சொல்கிறேன். தெற்குப் பகுதியில் உள்ள 2.1 கிலோமீட்டர் தடம் ஏறக்குறைய எல்லா வயதினருக்கும் ஏற்றது. பழக்கமில்லாதவர்கள்கூட மூச்சு வாங்காமல் முடித்துவிடலாம். வடக்குப் பகுதியின் 3.5 கிலோமீட்டரில் ஏற்ற இறக்கங்கள் சற்றுக் கூடுதல். வழியில் ஒரு பார்வைக் கோபுரம் இருக்கிறது. அதன் உச்சிக்கு ஏறினால், இவ்வளவு நேரம் தலைக்கு மேலே இருந்த மரக்கூரையைக் கண் மட்டத்தில் பார்க்க முடிகிறது. காலை வெயில் ஏறுவதற்கு முன் போனால் பறவைகள் இலைகளுக்கிடையே தாவித் திரிவதை அங்கிருந்து நன்றாகப் பார்க்கலாம். இது பழமையான மூலக்காடு இல்லை. ஒரு காலத்தில் கம்பங்கள் எனப்படும் கிராமங்களும் தோட்டங்களும் இருந்த நிலத்தில் மறுபடியும் முளைத்த இளங்காடு. கம்பத்து மக்கள் விட்டுப்போன பழமரங்கள் காட்டு மரங்களோடு இன்னும் கலந்து நிற்பதால், டுரியான் பருவத்தில் சில திருப்பங்களில் பழ வாசம் மூக்கைத் துளைக்கும். கீழே விழுந்த பழத்தைப் பொறுக்கக் காட்டுக்குள் இறங்கிவிட வேண்டாம். அது குரங்குகளுக்கும் மற்ற விலங்குகளுக்கும் உரிய உணவு என்பதோடு, தடத்தை விட்டு விலகுவது பூங்கா விதிகளுக்கும் புறம்பானது.

சைக்கிள் தடத்தைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தப் பூங்காவின் உண்மையான சாதனை அங்கேதான் இருக்கிறது. சாதாரணமாகப் பார்ப்பவருக்கு அது ஒற்றையடிப் பாதை போலவே தெரியும். கூர்ந்து பார்த்தால், ஒவ்வொரு திருப்பத்திலும் யாரோ தண்ணீரைப் பற்றி யோசித்திருப்பது புலப்படும். தடம் குன்றின் மேலிருந்து கீழாக நேரே இறங்காமல், சரிவின் பக்கவாட்டில் வெட்டப்பட்டு, குன்றைத் தழுவியபடி மெல்லச் சாய்ந்து செல்கிறது. வெளிப்பக்க ஓரம் சற்றே தாழ்ந்திருப்பதால் மழைநீர் தடத்தின் மீது ஓடாமல் குறுக்கே வழிந்து காட்டுக்குள் இறங்கிவிடுகிறது. நீண்ட இறக்கங்களின் நடுவில் சிறு மேடும் பள்ளமும் அடுத்தடுத்து வருவது சைக்கிளோட்டியின் உற்சாகத்துக்காக மட்டும் வைக்கப்பட்டதன்று; ஓடி வரும் நீரைத் தடுத்து வெளியேற்றுவதே அந்த மேட்டின் முதல் வேலை. வேகமான வளைவுகளில் வெளிப்புற மண் உயர்த்திக் கட்டப்பட்டிருக்கிறது. அதில் சாய்ந்து திரும்பும்போது பிரேக்கை அழுத்த வேண்டிய தேவை குறைகிறது. பிரேக் அழுத்தாத சக்கரம் மண்ணைச் சுரண்டுவதில்லை.

இவையெல்லாம் புதிய கண்டுபிடிப்புகள் இல்லை. அமெரிக்காவில் 1988-ல் தொடங்கப்பட்ட அனைத்துலக மலைச் சைக்கிள் சங்கம் பல ஆண்டுகளாக வலியுறுத்திவரும் தட அமைப்பு முறைகள்தாம் இவை. தடத்தின் சாய்வு அது வெட்டப்பட்ட குன்றுச் சரிவின் சாய்வில் பாதிக்கு மேல் போகக்கூடாது என்பது அவற்றில் ஒரு விதி. அந்த அளவை மீறினால் தண்ணீர் பக்கவாட்டில் வழியாமல் தடத்தையே வாய்க்காலாக்கிக்கொண்டு ஓடத் தொடங்கும். அப்போது அந்தப் பாதையில் நடந்தாலும் சைக்கிள் ஓட்டினாலும் மண் போவது போவதுதான்.

மண் அரிப்பு என்ற குற்றச்சாட்டை இந்த இடத்தில் நேராக எடுத்துக்கொள்வது நல்லது. சக்கரம்தான் மண்ணை அழிக்கிறது என்ற நம்பிக்கை ஆழமாக வேரூன்றியிருக்கிறது. ஆனால் ஆய்வுகள் அதை அப்படியே வழிமொழிவதில்லை. அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்துத் தடங்களில் வில்சனும் சீனியும் செய்து 1994-ல் வெளியிட்ட ஆய்வில், குதிரைக் குளம்புகளும் மனிதக் கால்களும் சைக்கிள் சக்கரத்தைவிட அதிக மண்ணைத் தளர்த்திவிட்டது தெரியவந்தது. கனடாவின் ஒன்டாரியோவில் தர்ஸ்டனும் ரீடரும் காட்டுத் தரையில் 500 முறை வரை நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் செய்து பார்த்து, 2001-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். செடிகொடிகளுக்கு நேர்ந்த சேதமும் வெளியே தெரிந்த மண்ணின் அளவும் இரண்டு முறைகளிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்கிறபோது, ஆயிரக்கணக்கான காலணிகள் மிதிக்கும் மண் தேயாமல் இருக்குமா என்ன?

ஆனாலும், இந்த ஆய்வுகளைக் கையில் வைத்துக்கொண்டு சைக்கிளோட்டிகள் வெற்றிக்கொடி நாட்டிவிட முடியாது. அவை குளிர்நாட்டுக் காடுகளில் செய்யப்பட்டவை. இங்கே ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கும் அதிகமான மழை பெய்கிறது; அதிலும் பல நாள், ஒரு மணி நேரத்துக்குள் கொட்டித் தீர்த்துவிடும் பெருமழை. தீவின் நடுப்பகுதியில் உள்ள புக்கிட் தீமா கருங்கல் சிதைந்து உண்டான செம்மண்ணில் களிமண் மிகுதி. காய்ந்திருக்கும்போது அது கெட்டித் தரை. நனைந்துவிட்டால் வழுக்கும் குழம்பு. அந்தக் குழம்பில் கால் பதித்தால் தனித்தனிக் குழிகள் விழுகின்றன. சக்கரம் உருண்டாலோ அறுபடாத ஒரு நீள்பள்ளம் உண்டாகிறது, அடுத்த மழை அந்தப் பள்ளத்தைத் தன் வழியாக எடுத்துக்கொள்கிறது. வடக்குப் பகுதியில் செங்குத்தாக இறங்கும் ஒரு திருப்பத்துக்கு முன்னால், மழை பெய்த மறுநாள் குனிந்து பார்த்தேன். பிரேக் அழுத்தி வழுக்கிய தடயம் கைவிரல் ஆழத்துக்கு ஓடியிருந்தது. குறுக்கே கிடந்த வேரின் பட்டை உரிந்து உள்ளிருந்த வெண்மை தெரிந்தது. அந்தப் பள்ளத்தில் தேங்கிய செந்நீரில் இலைத்துணுக்குகள் மிதந்தன. அதே மழையில் நனைந்த நடைத்தடத்தில் வேறொரு கோளாறு இருந்தது. நடப்பவர்கள் சேற்றைத் தவிர்க்க ஓரம் ஓரமாக ஒதுங்கி நடந்ததால் பாதை இருமடங்கு அகன்று, ஓரத்துச் செடிகள் மடிந்திருந்தன. சக்கரம் தடத்தை ஆழமாக்குகிறது, கால் தடத்தை அகலமாக்குகிறது. இரண்டுக்கும் மருந்து வேறு வேறு என்பதால் இரண்டையும் ஒரே தடத்தில் விட்டால் பராமரிப்பவர்களுக்கு இரட்டிப்பு வேலை. தனித்தடம் வேண்டும் என்பதற்கு மோதல் பயத்தைவிட இதுவே வலுவான காரணம் என்று நினைக்கிறேன்.

மோதல் பயத்தையும் குறைத்து மதிப்பிடக்கூடாது. நடப்பவர் காட்டுக்கு வருவது ஓசை அடங்கிய ஓர் இடத்துக்காக. பின்னாலிருந்து எப்போது எது வருமோ என்று தோள்பட்டையை இறுக்கிக்கொண்டே நடக்க வேண்டியிருந்தால், ஒரு விபத்தும் நேராவிட்டாலும் அவருடைய நடை கெட்டுவிடுகிறது. சைக்கிளோட்டிக்கு இது எளிதில் புரிவதில்லை, ஏனென்றால் அவர் முன்னால் பார்க்கிறார், எல்லாம் தம் கட்டுப்பாட்டில் இருப்பதாக அவருக்குத் தோன்றுகிறது. மலைச் சைக்கிள் விளையாட்டு வளர்ந்த கலிஃபோர்னியாவின் மரின் வட்டாரத்திலேயே இதே பிரச்சினைக்காக மலைப் பாதைகளில் மணிக்கு 15 மைல் வேக வரம்பும், எதிரே வருபவர் தெரியாத வளைவுகளில் 5 மைல் வரம்பும் விதிக்க வேண்டியிருந்தது. நம் ஊரில் பூங்கா இணைப்புப் பாதைகளில் மணிக்கு 25 கிலோமீட்டர் என்று வரம்பு இருந்தாலும், அது அகலமான தார்ப்பாதைக்குப் பொருந்தும் எண். காட்டு வளைவில் அந்த வேகத்தில் பாதியே சில நேரம் அதிகம்.

செஸ்ட்நட்டில் இந்தப் பயம் முற்றிலும் தீரவில்லை. தடங்கள் இரண்டும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் சில சந்திப்புகள் இருக்கின்றன, என் குறைகளில் முதன்மையானது அவற்றைப் பற்றியது. ஒரு சனிக்கிழமைக் காலையில் அத்தகைய ஒரு சந்திப்பில் நின்றுகொண்டிருந்தபோது, குடையை ஊன்றுகோலாகப் பிடித்தபடி ஒரு பெரியவர் குறுக்கே கடந்தார். இறக்கத்தில் வந்த இளைஞர் ஒருவர் கடைசி நொடியில் சைக்கிளை நிறுத்தினார். “தம்பி, வர்றேன்னு ஒரு குரல் குடுத்தா என்ன?” என்று பெரியவர் கேட்டார். “சாரி அங்கிள், பிரேக் பிடிச்சுத்தான் வந்தேன், நீங்க நிக்கிறது மரத்துக்குப் பின்னால தெரியல” என்றார் அந்த இளைஞர். இருவரும் பொய் சொல்லவில்லை. மரம் மறைத்ததும் உண்மை, இறக்கத்தின் அடியில் சந்திப்பு அமைந்ததும் உண்மை. சந்திப்புக்குச் சற்று முன்னால் தடத்தை மேல்நோக்கித் திருப்பி வேகம் தானாகக் குறையும்படி செய்யலாம். அல்லது நேராகப் பாய முடியாதவாறு இரண்டு குறுந்தடுப்புகளை எதிரெதிரே நட்டு வளைந்து வரச் செய்யலாம். எச்சரிக்கைப் பலகையைப் படிப்பதைவிட, தடமே வேகத்தைக் குறைத்துவிடுவது உறுதியான வழி.

இரண்டாவது குறை, சைக்கிள் தடத்தில் நடப்பவர்கள் நுழைவது. தனித்தடம் அமைத்த பிறகும், “எல்லாம் பூங்காதானே” என்று குடும்பமாகச் சைக்கிள் தடத்தில் நடந்து வருபவர்களைப் பார்த்திருக்கிறேன். சைக்கிளோட்டி எதிர்பார்க்காத இடத்தில் கைக்குழந்தையோடு ஒருவர் நிற்பதைவிட ஆபத்தான சூழல் வேறில்லை. நடைத்தடத்தில் சைக்கிள் வந்தால் ஊரே கோபப்படுகிறது; சைக்கிள் தடத்தில் நடப்பவர் வந்தால் சிரித்துவிட்டுப் போகிறோம். விதி என்றால் இரு பக்கமும் ஒரே கண்டிப்போடு இருக்க வேண்டும்.

இதோடு புக்கிட் தீமாவை ஒப்பிடாமல் இருக்க முடியாது. 163 ஹெக்டர் பரப்புள்ள அந்தக் காப்புவனத்தில், நாட்டின் உயர்ந்த இயற்கைக் குன்றைச் சுற்றி ஏறக்குறைய ஆறு கிலோமீட்டர் நீளத்துக்கு மலைச் சைக்கிள் தடம் ஒன்று இருக்கிறது. ஓட்டுவதற்கு அதன் சுவையே தனி: கரடுமுரடான கற்கள், வேர்கள், மூச்சைப் பிடித்து ஏற வேண்டிய ஏற்றங்கள். ஆனால் அங்கே சைக்கிளுக்கு இதற்கு மேல் இடம் கேட்பவர்களோடு நான் உடன்பட மாட்டேன். அது 1883-லேயே வனக் காப்பகமாக ஒதுக்கப்பட்ட நிலம், 2011-ல் ஆசியான் மரபுடைமைப் பூங்கா என்ற தகுதியைப் பெற்றது. ஜொஹோரா சிங்கப்பூரென்சிஸ் என்ற நன்னீர் நண்டு உலகில் சிங்கப்பூரைத் தவிர வேறெங்கும் இல்லை. அது வாழும் சில ஓடைகளில் ஒன்று அங்கே இருக்கிறது. குன்றின் மேல் அரிக்கப்படும் மண் கடைசியில் போய்ச் சேருவது அத்தகைய ஓடைகளில்தான்.

கால்களும் அங்கே குற்றமற்றவை இல்லை என்பதற்கு அண்மைக்கால வரலாறே சாட்சி. 2014 செப்டம்பரில் புக்கிட் தீமா காப்புவனம் மூடப்பட்டது. சரிவுகளை வலுப்படுத்தவும் தேய்ந்துபோன நடைத்தடங்களைச் சீராக்கவும் ஈராண்டுக்கு மேல் ஆயிற்று. இடையில் வார இறுதிகளில் மட்டும் ஒரு பகுதி திறந்திருந்தது. முழுமையாகத் திறந்தது 2016 அக்டோபரில். இப்போது உச்சிக்குப் போகும் வழியில் சில இடங்களில் மண்ணை மிதிக்காமலே மரப்பலகை நடைமேடையில் செல்கிறோம். அந்தப் பலகைகளின் அடியில் இளஞ்செடிகள் மீண்டும் முளைத்திருப்பதைப் பார்க்கும்போது, மக்கள்கூட்டத்தின் எடை எத்தகையது என்று விளங்குகிறது. அந்த எடையைப் பகிர்ந்துகொள்ளத்தான் காப்புவனங்களின் ஓரமாக இயற்கைப் பூங்காக்கள் அமைக்கப்படுகின்றன. ஹிண்டீட், டெய்ரி ஃபார்ம், செஸ்ட்நட், 2022-ல் திறந்த ரைஃபிள் ரேஞ்ச் எல்லாம் இந்த நோக்கத்தில் வந்தவையே. செஸ்ட்நட் மத்திய நீர்ப்பிடிப்பு காப்புவனத்தின் விளிம்பில் இருக்கிறது. இங்கே ஒரு சைக்கிள் வந்தால் உள்ளே இருக்கும் காட்டில் ஒரு சைக்கிள் குறையும் என்ற கணக்கு எனக்குச் சரியாகவே படுகிறது.

அந்தக் கணக்கு பொய்த்துப்போவது, தடத்தை விட்டு விலகிப் புதிய வழி வெட்டுபவர்களால். 2020-ல் கொவிட் கட்டுப்பாடுகளின்போது வெளிநாடு போக முடியாமல் ஊரே காட்டுப் பக்கம் திரும்பியது. பழகாத பாதைகளில் நடந்தவர்களும் இருந்தார்கள், குறுக்குவழியில் சைக்கிள் ஓட்டியவர்களும் இருந்தார்கள். வரைபடத்தில் இல்லாத ஒற்றையடிப் பாதை ஒன்று ஒருமுறை தோன்றிவிட்டால் அதை யாரும் அழிப்பதில்லை, அடுத்தவர் அதையே பின்பற்றுகிறார். அழுங்கு, தேவாங்கு, ராஃபிள்ஸ் பெயர் தாங்கிய அரிய இலையுண்ணிக் குரங்கு ஆகியவை மனித நடமாட்டமில்லாத துண்டுக் காடுகளை நம்பி வாழ்கின்றன. 1986-ல் வந்த புக்கிட் தீமா விரைவுச்சாலை அந்தக் காட்டை ஏற்கெனவே இரண்டாகப் பிளந்தது. அதை ஒட்டுப்போட 2013-ல் 62 மீட்டர் நீளத்தில் விலங்குகளுக்கென ஒரு பசுமைப் பாலம் கட்ட வேண்டியிருந்தது. இவ்வளவு செலவு செய்து ஒட்டிய காட்டைக் கள்ளப் பாதைகளால் மறுபடியும் துண்டாடுபவர் காலணி அணிந்திருந்தாலும் தலைக்கவசம் அணிந்திருந்தாலும் என் கோபம் ஒன்றுதான்.

புலாவ் உபின் தீவில் 2008-ல் திறக்கப்பட்ட கெத்தாம் மலைச் சைக்கிள் பூங்காவையும் சிலர் இதோடு ஒப்பிடுவார்கள். கெத்தாம் கல்குவாரியைச் சுற்றியுள்ள அந்தத் தடங்கள் திறமையுள்ளவர்களுக்கு அருமையானவை, சில இறக்கங்கள் எனக்கும் தயக்கம் தருபவை. ஆனால் சாங்கியில் பன்னிரண்டு பேர் சேரும்வரை படகுக்குக் காத்திருந்து, சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு போவதற்கு அரைநாளாவது வேண்டும். அலுவலகம் முடிந்தோ பள்ளி விடுமுறை நாளில் இரண்டு மணி நேரத்துக்கோ போய்வர வசதியானது செஸ்ட்நட்தான்.

வசதி என்று சொன்னாலும், பொதுப் போக்குவரத்தில் வருபவர்களுக்கு இந்தப் பூங்கா அவ்வளவு இணக்கமாக இல்லை என்பதையும் பதிவு செய்ய வேண்டும். பேருந்து நிறுத்தத்திலிருந்து செஸ்ட்நட் அவென்யூ வழியாகக் கணிசமான தூரம் நடந்தால்தான் நுழைவாயில் வரும். நடக்க வந்தவருக்கு அது பொருட்டில்லை என்றாலும், மூட்டுவலியுள்ள பெற்றோரை அழைத்து வருபவர்களுக்கு டாக்சிதான் வழி. வார இறுதியில் காலை எட்டு மணிக்கு மேல் கார் நிறுத்துமிடத்தில் இடம் கிடைப்பதும் அரிது. காலை 7 மணி முதல் மாலை 7 மணி வரைதான் திறந்திருக்கும். கழிப்பறை நுழைவாயில் பக்கத்தில் இருக்கிறது. வடக்குப் பகுதிக்குள் போய்விட்டால் திரும்பி வரும்வரை தண்ணீருக்கும் வழியில்லை என்று எண்ணிக்கொண்டு போவது பாதுகாப்பு. ஒருவருக்கு ஒரு லிட்டராவது எடுத்துக்கொள்ளுங்கள். கையில் பிளாஸ்டிக் பையைத் தொங்கவிடாதீர்கள். நீண்டவால் குரங்குகளுக்கு அந்தப் பையின் சரசரப்பு போதும்.

வாடகைச் சைக்கிள் எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கிருந்து எடுத்தாலும் கையெழுத்திடுவதற்கு முன் இரண்டு பிரேக்குகளையும் அழுத்திப் பார்த்து, டயரைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து, சீட் உயரத்தைச் சரிசெய்துகொள்ளுங்கள். வேறொரு வட்டாரத்தில் ஒருமுறை நான் வாடகைக்கு எடுத்த சைக்கிளின் பின் பிரேக் பாதி இறக்கத்தில் பிடிக்கவே இல்லை. பூங்கா இணைப்புப் பாதையில் ஓட்டுவதற்கென வைத்திருக்கும் முன்கூடைச் சைக்கிளை இந்தத் தடத்துக்குள் கொண்டுவருவது அறவே கூடாது. முன்சக்கரத்தில் அதிர்வுதாங்கி, பட்டையான டயர், தலைக்கவசம் மூன்றும் கட்டாயம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளுக்குத் தொடக்கமாகப் பம்ப் டிராக்கைப் பரிந்துரைப்பேன். சிறு மேடுகளும் வளைவுகளும் கொண்ட அந்த வட்டத்தில் மிதிக்காமலே உடலின் எடையை ஏற்றி இறக்கி ஓட்டப் பழகலாம். எங்கள் அக்கா மகன் அங்கே பழகிய பிறகுதான் தெற்குத் தடத்தில் இறங்கினான். முன்னால் பயத்தில் எப்போதும் பிரேக்கைப் பிடித்தபடியே வருவான், பழகியபின் எந்த இடத்தில் பிடிக்க வேண்டும், எந்த இடத்தில் விட வேண்டும் என்று அவனுக்கே தெரிந்துவிட்டது. மண்ணைக் காப்பாற்றும் பழக்கமும் இப்படித்தான் கைக்கு வருகிறது. கடினமான பிரிவுகளுக்கு முன்னால் உள்ள அடையாளங்களை அவர்களுக்குப் படிக்கக் கற்றுக்கொடுங்கள். பச்சை வட்டம் எளிது, நீலச் சதுரம் நடுத்தரம், கறுப்பு வைரம் கடினம் என்பது பல நாடுகளில் உள்ள வழக்கம்.

நடப்பவர்கள் வடக்குப் பகுதிக்குப் போவதாக இருந்தால் வார நாள் காலையைத் தேர்ந்தெடுங்கள். சைக்கிளோட்டிகள், பெருமழை பெய்த அன்றும் மறுநாளும் செஸ்ட்நட்டை விட்டுவிட்டு, தார்ப்பாதையிலோ பழைய ரயில் பாதையின் 24 கிலோமீட்டர் பசுமைத் தடத்திலோ ஓட்டுங்கள். ரயில் பாதையில் நடப்பவர்களோடு ஒரே வழியைப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பதால் அங்கே வேகம் வேண்டாம், மணி மறக்க வேண்டாம். பூங்காக் கழகத்துக்கு நான் வைக்கும் கோரிக்கை இரண்டே: இறக்கத்தின் அடியில் இருக்கும் சந்திப்புகளை மாற்றி அமைக்க வேண்டும், வடக்குப் பகுதியின் தேய்ந்த திருப்பங்களில் கல் பதிக்க வேண்டும். சந்திப்புகளைச் சீர்செய்துவிட்டால், இந்த வகைத் தனித்தடங்களை வேறு எந்த இயற்கைப் பூங்காவிலும் தயங்காமல் அமைக்கலாம் என்று பரிந்துரைப்பேன். இப்போதுள்ள நிலையில் ஐந்துக்கு நான்கு மதிப்பெண் கொடுக்கிறேன்.